வார்ப்பு அலுமினியத்துக்கு இஏ 9394: பதினோரு ஆண்டுப் பழக்கத்தில் சொல்வது

விமானத்தில் போகும் வார்ப்பு அலுமினிய பாகங்களை ஒட்டும் வேலையில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். இத்தனை காலத்தில் என் கையில் அதிகம் புழங்கிய பசை லாக்டைட் இஏ 9394. பழைய ஆட்கள் இன்னும் 'ஹைசால்' என்றுதான் கேட்டு வாங்குவார்கள். இதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் உடனே சொல்லிவிடுவார்: "நொறுங்குகிற பசை, உரிப்பு தாங்காது." மெல்லிய தகடு ஒட்டுகிறவர் அப்படிச் சொன்னால் நானும் ஒத்துக்கொள்வேன். வார்ப்பு ஒட்டுகிறவர் சொன்னால் விட்டுவிட மனம் வராது. ஏனென்றால் அந்தக் குறை வார்ப்பில் பெரும்பாலும் குறையே இல்லை.

முதலில் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பாகமாக வரும் எபாக்சி பேஸ்ட். 'ஏ' பாகம் சாம்பல் நிறம், கெட்டியானது, அலுமினியத் தூள் கலந்தது. 'பி' பாகம் கறுப்பு, அதைவிட இளகலானது. எடைக் கணக்கில் 'ஏ' 100க்கு 'பி' 17. கலந்தபின் 450 கிராம் அளவுக்கு 25 டிகிரியில் 90 நிமிடம் வரை வேலை செய்யலாம். அறை வெப்பத்தில் இறுக 3 முதல் 5 நாள். அவசரமென்றால் 66 டிகிரியில் ஒரு மணி நேரம். ஃப்ரீசர் தேவையில்லை, ஆட்டோகிளேவ் என்ற அழுத்த அடுப்பும் தேவையில்லை. செங்குத்தான முகத்தில் தடவினாலும் வழியாது. நன்றாகத் தயார் செய்த அலுமினியத்தில் லேப் ஷியர் வலிமை (ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டிய பட்டைகளை எதிரெதிராக இழுத்து அளப்பது) அறை வெப்பத்தில் சுமார் 29 மெகாபாஸ்கல்.

இப்போது அந்த உரிப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஒட்டு உரிய வேண்டுமானால் ஒட்டிய இரண்டில் ஒன்று வளைய வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தகட்டின் ஓரத்தைத் தூக்கினால் அது சுருண்டு மேலே வரும். இழுப்பு முழுவதும் ஓரத்தில் ஒரு கோட்டில் போய் நிற்கும். பசை அந்தக் கோட்டில் கிழிந்துகொண்டே போகும். நான் ஒட்டுவது அப்படிப்பட்ட தகடு இல்லை. ஐந்து, ஆறு மில்லிமீட்டர் சுவரும் பின்னால் விலா எலும்பு போல ரிப்பும் வைத்து வார்த்த பிராக்கெட், கருவிப் பெட்டியின் உடல், குழாயின் முனையில் பொருத்தும் ஃபிட்டிங் மாதிரியானவை. அவை வளையாது. சுமை வந்தால் ஒட்டு முழுப் பரப்பிலும் சறுக்கு விசையாகத்தான் வாங்கும். அந்த விசைக்கு விறைப்பான பசைதான் வேண்டும். ரப்பர் கலந்து உரிப்பு தாங்கும்படி செய்த பசைகள் வெயிலில் சூடான பாகத்தில், நிரந்தரச் சுமையின் கீழ், மெதுவாக நழுவ ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். இது அந்த வகையில் எனக்கு நிம்மதி தந்த பசை.

ஒரு விதிவிலக்கு உண்டு. வார்ப்பின் மேல் மெல்லிய தகட்டை ஒட்டுவதானால் இதை எடுக்க மாட்டேன். வளைகிறது தகடுதான்; மறுபக்கம் எவ்வளவு தடித்திருந்தாலும் உதவாது.

அடுத்தது இடைவெளி. வார்ப்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வரைபடத்தில் இருக்கிற மாதிரி தட்டையாக இருக்காது. சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்தினால் 'டக்' என்று ஆடும். ஃபீலர் கேஜ் விட்டால் ஒரு மூலையில் போகவே போகாது, எதிர் மூலையில் 0.3 தாராளமாக நுழையும். ஃபிலிம் பசைக்கு இது பெரிய தலைவலி. ஃபிலிம் என்பது தாள் போல ஒரே தடிமனில் வருவது. இடைவெளி அதைவிடப் பெரிதாக இருக்கும் இடத்தில் அது எதிர்ப்பக்கத்தைத் தொடாமலே இறுகிவிடும். பேஸ்ட் அங்கே போய் நிரப்பும். 0.13 முதல் 0.25 மில்லிமீட்டர் வரையுள்ள கண்ணாடி மணிகளைக் கொஞ்சம் கலந்துவிட்டால், கிளாம்ப் இறுக்கும்போது மேடான இடத்தில் பசை முழுவதும் பிதுங்கிப் போய்விடாது.

"அப்படியானால் முகத்தை மில்லிங் செய்து தட்டையாக்கினால் போச்சு" என்று கேட்பார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தேன். வார்ப்பின் தோல்தான் அதன் இறுக்கமான பகுதி. அச்சைத் தொட்டு வேகமாக உறைந்த அந்தத் தோலைச் சீவினால் உள்ளே இருக்கும் துளைகள் வாய் திறக்கும். ஒருமுறை அரை மில்லிமீட்டர் சீவிய ஒட்டும் முகத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். ஊசி குத்தியதுபோல ஒரு கூட்டம், அவற்றில் வெட்டு எண்ணெய் மினுமினுத்தது. எத்தனை தடவை சால்வென்ட் விட்டுத் துடைத்தாலும் ஐந்து நிமிடத்தில் மறுபடி கசிந்து வரும். அப்புறம் அந்தப் பாகத்தை ஓவனில் வைத்து எண்ணெயை வெளியேற்றி, மீண்டும் சுத்தம் செய்து, ஒரு நாள் முழுக்க போனது. இப்போது தேவைக்கு மேல் தோலைத் தொடுவதில்லை. கோணல் மாணலைப் பசை பார்த்துக்கொள்ளும்.

இந்தத் துளைகளுக்காகவே எனக்கு அறை வெப்பத்தில் இறுகும் பசை பிடிக்கும். துளைக்குள் காற்று இருக்கிறது. 121 டிகிரியில் இறுகும் ஃபிலிமைப் போட்டு ஓவனில் ஏற்றினால் அந்தக் காற்று கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விரிய வேண்டும். மேலே வேக்யூம் பேக் (காற்றை உறிஞ்சி அழுத்தும் பை) இருந்தால் விரிவு அதைவிடப் பல மடங்கு. அதே சமயத்தில் ஃபிலிம் உருகித் தண்ணீராக இருக்கும். காற்று அதற்குள் கொப்பளமாக ஏறும். அப்படி ஒட்டிய கூபானை, அதாவது சோதனைத் துண்டை, பிளந்து பார்த்தபோது பசைப்படலம் பொரித்த அப்பளம் மாதிரி இருந்தது. 9394 அறை வெப்பத்தில் இறுகும்போது காற்று அசையாமல் துளையிலேயே கிடக்கும். 66 டிகிரிக்கு ஏற்றுவதானாலும் முதலில் ஓர் இரவு அறை வெப்பத்தில் விட்டு, பேஸ்ட் கெட்டியான பிறகே ஏற்றுவேன். வேக்யூம் பேக்கை வார்ப்புக்கு நான் பயன்படுத்துவதே இல்லை. கிளாம்பும் எடைக்கல்லும் போதும்.

'சூடு இல்லாமல் ஒட்டுவது' என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 1988 ஏப்ரல் 28 அன்று அலோகா ஏர்லைன்ஸ் 243 விமானத்தின் மேற்கூரை வானத்திலேயே பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்த போயிங் 737இன் லேப் ஜாயிண்ட்கள் (உடல் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இணைப்புகள்) அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சி தோய்ந்த துணியால் ஒட்டப்பட்டவை. அந்த ஒட்டு விட்டுப்போனதும் சுமை முழுவதும் ரிவெட் துளைகளுக்குப் போய், அங்கே விரிசல்கள் பிறந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. இதைப் படித்துவிட்டு அறை வெப்பப் பசை என்றாலே ஆகாது என்று முடிவு கட்டுகிறார்கள். நான் படித்தவரை அங்கே கோளாறு நடந்தது பசைக்கும் உலோகத்துக்கும் நடுவில். குளிரில் வைத்திருந்த துணியில் ஈரம் படிந்தது, வேலைக்கு முன்பே பசை இறுகத் தொடங்கியது, அலுமினியத்தின் மேற்பரப்பு ஈரத்தைத் தாங்கும்படி தயார் செய்யப்படாதது எல்லாம் சேர்ந்தன. 180 டிகிரி பசையைப் போட்டிருந்தாலும் மேற்பரப்பு அப்படியே இருந்தால் ஒட்டு விட்டிருக்கும்.

சரி, அந்த மேற்பரப்புதான் வார்ப்பில் கஷ்டமான பகுதி. 9394ஐக் குறை சொல்லும் பலர் உண்மையில் இங்கேதான் தோற்றிருக்கிறார்கள்.

நாங்கள் வாங்குவது பெரும்பாலும் ஏ357 என்ற அலுமினியக் கலப்பு உலோகம். அதில் 7 சதவீதம் அளவுக்கு சிலிக்கான் இருக்கிறது. தகட்டுக்குச் செய்கிற மாதிரி காஸ்டிக்கில் முக்கினால் அலுமினியம் கரையும், சிலிக்கான் கரையாது. வெளியே எடுக்கும்போது பாகம் கரி பூசியதுபோல இருக்கும். விரலால் தேய்த்தால் விரல் கறுக்கும். அந்தக் கரியின் மேல் ஒட்டினால் பசை கரியோடு ஒட்டும். கரி எதோடும் ஒட்டியிருக்காது. நைட்ரிக் அமிலம் தனியாகச் சிலிக்கானைத் தொடாது, ஹைட்ரோஃபுளோரிக் சேர்க்க வேண்டும். அது கையாளவே பயப்பட வேண்டிய அமிலம். அதையும் செய்து முடித்துப் பாஸ்பாரிக் அமில அனோடைசிங்குக்கு (மின்சாரம் விட்டு ஆக்சைடு படலம் வளர்ப்பது) போனால், ஆக்சைடு அலுமினியத்தின் மேல் வளரும், சிலிக்கான் துணுக்கின் மேல் வளராது. போதாக்குறைக்குத் துளைகளில் புகுந்த அமிலம் பல நாள் கழித்து வெள்ளைப் பொடியாக வெளியே வரும்.

அதனால் நாங்கள் அமிலத் தொட்டியை விட்டு விலகினோம். சால்வென்ட்டில் துடைப்பு, ஓவனில் காய்ச்சல், மறுபடி துடைப்பு, அலுமினா கிரிட் பிளாஸ்டிங் (கடினத் தூளை வேகமாக அடித்துப் பரப்பைச் சொரசொரப்பாக்குவது), அதன்பின் பசைக்கு அடியில் தடவும் த்ரீஎம்மின் ஏசி-130-2 சோல்-ஜெல் கரைசல். அதுவும் இரண்டு பாகம். கலந்து 30 நிமிடம் காத்திருந்து, பரப்பு ஓரிரு நிமிடம் நனைந்தே இருக்கும்படி தடவி, வடியவிட்டுக் காய வைக்க வேண்டும். அதில் உள்ள சிர்கோனியம் அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும், எபாக்சி சிலேன் பசையைப் பிடித்துக்கொள்ளும். குரோமேட் கிடையாது, கழுவும் தண்ணீர் கிடையாது, துளையில் தேங்க அமிலமும் கிடையாது. காய்ந்த பாகத்தை அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுவோம் அல்லது ஒட்டிவிடுவோம். 24 மணி நேரம் தாண்டினால் முதலிலிருந்து. 9394ஐ இதோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. டப்பாவைத் தனியாக எடுத்து வெறும் எமரி தேய்த்த வார்ப்பில் தடவிவிட்டு மதிப்பெண் போடுவது அந்தப் பசைக்கு நியாயம் இல்லை.

இதெல்லாம் சரியாகச் செய்தும் ஒருமுறை எங்களுக்கு ஒரு லாட் கைவிட்டது. பெட்டி போன்ற வார்ப்புகள். பிளாஸ்டிங் முடித்துச் சுத்தமா என்று தண்ணீர் விட்டுப் பார்க்கும்போது தண்ணீர்ப் படலம் முழுப் பரப்பிலும் நிற்காமல், நாணயம் நாணயமாகச் சில இடங்களில் விலகியது. மறுபடி பிளாஸ்டிங் செய்தோம். விலகல் வேறு இடத்துக்குப் போனதே தவிர மறையவில்லை. கூபானை உடைத்தால் ஒரு பக்கம் முழுப் பசை, மறுபக்கம் பளிச்சென்று வெறும் உலோகம். அதைப் பார்த்த நிமிடம் வயிற்றைக் கலக்கியது. பசை லாட்டைச் சந்தேகப்பட்டோம், கிரிட்டைச் சந்தேகப்பட்டோம், ஏர் லைனில் எண்ணெய் வருகிறதா என்று வெள்ளைத் துணி பிடித்துப் பார்த்தோம். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது: கசிவுச் சோதனையில் தேறாத வார்ப்புகளின் துளைகளை வார்ப்பகம் பிசின் ஏற்றி அடைத்திருக்கிறது. அது ஒன்றும் தப்பான காரியம் இல்லை, பலரும் செய்வதுதான். ஆனால் காகிதத்தில் எழுதவில்லை. நாங்கள் பிளாஸ்டிங் செய்யச் செய்ய அந்தப் பிசினைப் பரப்பெங்கும் இழுகிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து கொள்முதல் ஆணையில் 'ஒட்டும் முகம் உள்ள வார்ப்புக்குப் பிசின் ஏற்றக் கூடாது, ஏற்றினால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்' என்ற வரி கட்டாயம் போகிறது. அந்தப் பாகங்கள் எதுவும் பறக்கவில்லை. அதற்குக் காரணம் கூபான் மட்டுமே.

கூபான் பற்றி ஒரு வார்த்தை. லேப் ஷியர் எண்ணை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். காய்ந்த நிலையில், ஒட்டிய மறுவாரம், மோசமான மேற்பரப்புகூட நல்ல எண் கொடுக்கும். வெட்ஜ் சோதனைதான் உண்மையைச் சொல்லும். ஒட்டிய இரண்டு பட்டைகளுக்கு நடுவே ஆப்பை அடித்து, விரிசல் முனையைக் கோடு போட்டு, சூடும் ஈரமுமான பெட்டியில் வைத்து, எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பது. 9394க்கு ஆப்பை அடித்த உடனேயே முதல் விரிசல் நீளமாகத்தான் வரும். நொறுங்கும் குணம் அங்கே தெரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதைக் கண்டு மிரண்டு பசையை மாற்றக் கிளம்புகிறார்கள். பார்க்க வேண்டியது அதன்பின் ஈரத்தில் அது நகர்கிறதா என்பதையும், பிளந்து பார்த்தால் இரண்டு பக்கமும் சாம்பல் ஒட்டியிருக்கிறதா என்பதையும். சோல்-ஜெல் போட்ட பட்டைகளில் இரண்டு பக்கமும் சாம்பல். எமரி மட்டும் தேய்த்த பட்டையில் ஈரம் பட்ட இடத்திலிருந்து வெள்ளி மாதிரி வெறும் உலோகம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்குக்கூடப் புரியும். ஒட்டிய பாகத்தில் இதைப் பார்க்க வழியில்லை. தட்டிக் கேட்டாலும், அல்ட்ராசோனிக் விட்டாலும், காலி இடம் தெரியும். தொட்டுக்கொண்டிருந்தும் பிடிக்காமல் இருக்கும் இடம் தெரியாது.

கலக்குவது பற்றி. 100க்கு 17 என்பது கேட்கச் சுலபம். 'ஏ' பாகம் 50 கிராம் எடுத்தால் 'பி' பாகம் 8.5 கிராம்தான். அதில் ஒரு கிராம் பிசகினால் பத்து சதவீதத்துக்கு மேல் பிசகு. கரண்டிக் கணக்கு இங்கே நடக்கவே நடக்காது, 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். எனக்குப் பிடித்தது அந்தக் கறுப்பு நிறம். 'பி' கறுப்பாக இருப்பதால் கலவை சேராத இடம் கோடு கோடாகக் கண்ணுக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒருநாள் கிண்ணத்தை நீட்டி, "அண்ணே, நிறம் ஒண்ணாயிடுச்சு" என்றார். மேலே ஒன்றாகத்தான் இருந்தது. ஸ்பேட்டுலாவைக் கிண்ணத்தின் அடி ஓரத்தில் விட்டு வழித்துக் காட்டினேன். வெற்று 'ஏ' பாகம் வெளிர் சாம்பலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவரே அதை இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றி மறுபடி கலக்கினார். அதிலிருந்து எங்கள் கடையில் இரண்டு கிண்ண முறைதான். அளந்து நிரப்பிய கார்ட்ரிட்ஜாகவும் இது வருகிறது. நாளைக்கு ஒன்றிரண்டு பாகம் மட்டும் ஒட்டுகிறவர்களுக்கு அதுவே நல்லது. கழிவு அதிகம் என்பார்கள், தவறு குறைவு என்பேன்.

90 நிமிடம் என்ற கணக்கைக் கிண்ணத்தில் குவித்து வைத்துக்கொண்டு நம்ப வேண்டாம். அளவு கூடினால் அதன் சூட்டில் அதுவே வேகமாக இறுகும். கலந்ததும் தட்டில் மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள். ஆனால் பாகத்தில் தடவிய பிறகு திறந்து வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஈரம் மிகுந்த நாளில் 'பி' பாகத்தின் அமீன் காற்றின் ஈரத்தையும் கரியமிலவாயுவையும் இழுத்து மேலே மெழுகு போல ஒரு படலம் கட்டும். அதற்குமேல் இன்னொரு பாகத்தை வைத்தால் இரண்டும் முழுசாகச் சேராது. அதனால்தான் நாங்கள் இரண்டு முகத்திலும் பசை தடவுகிறோம். முதலில் மெல்லியதாக அழுத்தித் தேய்த்து பிளாஸ்டிங் பள்ளங்களை நனைப்பது, அதன்மேல் நடுவில் மேடாக ஒரு வரி. மூடும்போது காற்று நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும். சுற்றிலும் ஒரே சீராகப் பசை பிதுங்கி வந்தால் மனசு நிறையும். ஒரு பக்கம் வராவிட்டால் உடனே பிரித்துவிடுவேன், இறுகிய பிறகு வருந்திப் பயனில்லை.

எனக்கு இதில் உள்ள வருத்தங்களையும் சொல்ல வேண்டும். 177 டிகிரி வரை போகும் என்று தரவுத்தாளில் இருக்கிறது. வலிமை ஓரளவு மிச்சமிருக்கும் என்பதே அதன் பொருள். 82 டிகிரியிலேயே லேப் ஷியர் 20 மெகாபாஸ்கல் பக்கம் இறங்கிவிடும். ஈரம் ஏறிய பசை இன்னும் சீக்கிரம் இளகும். எஞ்சின் பக்கத்தில் வைக்கும் வார்ப்புக்கு, அறை வெப்பத்தில் இறுக்கிவிட்டு இந்த 177ஐ நம்பி வடிவமைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. கார்பன் ஃபைபர் குழாயில் அலுமினிய ஃபிட்டிங்கை ஒட்டும்போதும் பசையே காப்பாக இருந்துவிடும் என்று விடக் கூடாது. நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் துணி போட வேண்டும், இல்லையென்றால் அலுமினியம் அரித்துப்போகும். அப்புறம் இறுகிய பிதுங்கலைத் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. பச்சையாக இருக்கும்போதே வழித்து, ஓரத்தில் சின்னச் சரிவாக விட்டுவிடுங்கள். அந்தச் சரிவு ஒட்டின் ஓரத்துக்குப் பலமும்கூட.

கடைசியாகக் காத்திருப்பு. 3 முதல் 5 நாள் என்றால் மூன்றாம் நாள் காலையிலேயே கிளாம்பைக் கழற்றக் கை துறுதுறுக்கும், திட்டமிடும் பிரிவிலிருந்து தொலைபேசியும் வரும். ஒவ்வொரு கலவையிலும் மிச்சத்தை ஒரு அலுமினியத் தட்டில் வட்டமாக ஊற்றி, லாட் எண்ணும் நேரமும் எழுதி, பாகத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறோம். பாகம் படும் குளிரையும் சூட்டையும் அதுவும் படும். அந்த வட்டில் கடினமானி கேட்ட எண்ணைக் காட்டினால்தான் கிளாம்பைத் தொடுவேன். காட்டாவிட்டால், யார் எத்தனை தடவை கூப்பிட்டாலும், தட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மறுநாள் வருவேன்.